வாசலுக்கு வெளியே பதின்மூன்று பேர்

2006 ஏப்ரல் முதல் தேதி, சனிக்கிழமை, இரவு மணி பதினொன்று. பிறை ஒன்பது மணிக்குள் இறங்கிவிட்டது. கடல் முக்கால் மைலில்தான் இருந்தது, ஆனாலும் காற்று இல்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியிருந்த எங்கள் சூப்பர் மார்க்கெட்டின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, இடது பக்கம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் இருநூறு பக்க நோட்டு. பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை மணிக்கு ஒரு கட்டமாக ஆறு கட்டம் போட்டு வைத்திருந்தேன். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. ஐந்தாவது ஆளுக்குக் குறுக்குக் கோடு. முப்பது இரவு இதுதான் என் வேலை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஆரோக்கியசாமி. அன்று எங்கள் கடையில் இரவு கேஷியராக இருந்தவன். இப்போது பாண்டிச்சேரியில் ஒரு பெரிய கடைக்கு மேனேஜர். போன வாரம் போன் செய்தான். "சார், எங்க கடையும் இருபத்துநாலு மணி நேரம்தான். இப்போ ராத்திரியில மூடிடலாமான்னு யோசிக்கிறாங்க. வர்ற ஆளுங்களை எண்ணச் சொல்லியிருக்காங்க. நீங்க அன்னிக்கு எண்ணினதை எழுதிக் குடுங்களேன். ஸ்டாஃபுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றான். அவன் பேச்சில் குத்தல் இல்லை. இருந்திருந்தாலும் தப்பில்லை.

நான் படித்து வேலைக்குச் சேர்ந்தது திண்டிவனத்தில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை. முப்பத்தொரு வருடம், நான்கு மாதம். அதைப் பற்றி எழுத ஒன்றுதான் இருக்கிறது. முதல் வருடம் இருப்பெடுக்கும்போது, அடுக்கி வைத்த சர்க்கரை மூட்டைகளை நீளம், அகலம், உயரம் பார்த்துப் பெருக்கி நாற்பத்தெட்டு என்று எழுதினேன். எங்கள் மேனேஜர் அடுக்கைப் பிரிக்கச் சொன்னார். நடுவில் இரண்டு மூட்டை இல்லை, வெற்றிடம். "கை படாததை எண்ணாதே" என்றார். அதற்குப் பிறகு முப்பது வருடம் என் கணக்கில் ஒரு சோப்புக் கட்டி குறைந்தது கிடையாது. அந்த வார்த்தையை நான் ரொம்ப இறுக்கிப் பிடித்துக்கொண்டேன் என்பது அறுபது வயதில்தான் தெரிந்தது.

2004இல் ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு. ஏழு வாரம் வீட்டில் இருந்தேன். வீட்டில் எத்தனை ஸ்பூன் இருக்கிறது என்று எண்ணிச் சொன்ன அன்று என் மனைவி, "எங்கியாவது வேலைக்குப் போங்க, உங்க கால்ல விழறேன்" என்றாள். அந்த வருடம் செப்டம்பரில் மரக்காணத்தில் இந்தக் கடை திறந்தது. மேற்பார்வையாளராகப் போனேன்.

எங்கள் முதலாளி திண்டிவனத்துக்காரர். நாற்பத்தைந்து வயது. சென்னையில் விடிய விடியத் திறந்திருக்கும் கடை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, பாண்டிச்சேரி போகிற கார்களை நம்பி இதைக் கட்டினார். வாசலுக்கு நான்கு படி. தரை முழுக்க வெள்ளை டைல்ஸ், தொள்ளாயிரத்து அறுபது. போர்டுக்கு மேலே ஒரு பெரிய மஞ்சள் விளக்கு. உப்பளத்துப் பக்கமிருந்து பார்த்தால் ஒரு மைலுக்குத் தெரியும். இரவு விளக்கு வைத்த பிறகு உப்பு மட்டும் பில் போட மாட்டோம். கேட்டு வருகிறவர்களே அந்த நேரத்தில் அதைப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "உப்பு விளையற ஊர்ல உப்பு விக்காத இருபத்துநாலு மணி நேரக் கடை" என்று பால் வண்டிக்காரர் கேலி செய்வார்.

முதலாளிக்கு ஒரு பழக்கம். எதையும் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை கேட்டுவிட்டு, பதில் வந்ததும் முகத்தைத் திருப்பி ஐஸ்கிரீம் பெட்டியையோ கூரையையோ பார்ப்பார். கார் சாவியை உள்ளங்கையில் வைத்து அமுக்குவார். பிறகு அதே கேள்வியை அதே குரலில் கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் நம்பிவிடுவார். அதற்கு மேல் ஒரு ரசீது கேட்க மாட்டார். என் பதில் ஒரு நாளும் மாறியதில்லை. அதனால் என்னை அவருக்குப் பிடிக்கும்.

திறந்த நான்காம் மாதம், டிசம்பரில், கடல் பொங்கிச் சுனாமி வந்தது. அதற்குப் பின் நான்கைந்து வாரம் இரவெல்லாம் கடையில் கூட்டம். நிவாரணச் சாமான் ஏற்றிய லாரிகள், உதவிக்கு வந்தவர்கள், குப்பத்து ஜனங்கள். தண்ணீர் பாட்டிலையும் பிஸ்கட்டையும் வாங்கின விலைக்கே கொடுக்கச் சொன்னார் முதலாளி. அந்த வாரங்களில் இரவு கடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பிறகு லாரிகள் நின்றன. இரவு பழையபடி ஆனது.

2005 மார்ச்சில் அளத்தில் வேலை தொடங்கியது. வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது. அதனால் உப்பு வாருகிறவர்கள் இரவு மூன்று மணிக்கே போவார்கள். பெரும்பாலும் பெண்கள். அதற்கு முன் அவர்கள் ஊருக்குள் கோயில் வாசலில் கூடி, அங்கேயிருந்து டிராக்டரில் ஏறுவார்களாம். எங்கள் விளக்கு வந்ததும் டிராக்டர்காரர் கடை முன்னால் நிறுத்த ஆரம்பித்தார். இரண்டேகாலிலிருந்து ஒவ்வொரு கூட்டமாக வரும். மூன்றேகாலுக்கு வண்டி.

முதல் நாள் ஒரு கூட்டம் முழுக்கக் கடைக்குள் வந்தது. பதினான்கு பேர். உப்பு முற்றிய பாத்தி நீரில் நிற்கிற கால் வெடிக்காமல் இருக்க முழங்கால் வரை எண்ணெய் தடவிக்கொண்டு வெறுங்காலோடு வருவார்கள். வெள்ளை டைல்ஸ் மேல் எண்ணெய்த் தடம். அன்று நான் எண்ணினேன், நூற்றுப் பன்னிரண்டு தடம். பாண்டிச்சேரி போகிற வழியில் இறங்கிய ஒருவர் அதில் வழுக்கி, பிஸ்கட் ராக்கைப் பிடித்துக்கொண்டு, "இது கடையா, எண்ணெய்ச் செக்கா?" என்று கத்தினார். தரையைத் துடைக்க சோப்புத் தூள் அரைக் கிலோ, ஐம்பது நிமிஷம்.

மறுநாள் இரவு நான் வாசலில் நின்று மறித்தேன். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி குப்பம்மா. ஐம்பது வயதிருக்கும். எலும்பும் தோலுமான ஆள், குரல் மட்டும் பெரிது.

"ஏம்மா, இத்தனை பேரும் உள்ளே வரக்கூடாது. கூட்டத்துக்கு ஒருத்தர் வாங்க. மத்தவங்க வெளியே நிக்கட்டும்."

"இன்னா சாரு, எங்க காலு உன் தரையைக் கடிச்சிடுச்சா?"

"வழுக்குதும்மா. நேத்து ஒருத்தர் விழப் பார்த்தார்."

அவள் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். "தரையாடி அது? மூஞ்சி பாத்துப் பொட்டு வைக்கலாம் போல இருக்குது" என்றாள் பின்னால் நின்றவர்களிடம். சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பி, "சரி சாரு. நான் ஒருத்தி வர்றேன். இவளுங்க வெளிய நிப்பாளுங்க. அந்த லைட்டை மட்டும் அணைச்சிடாத" என்றாள்.

மற்ற நான்கு கூட்டத்துக்கும் அதே உத்தரவு. ஒரு வார்த்தை எதிர்ப்பு இல்லை. குப்பம்மா காலைச் சாக்கில் துடைத்துவிட்டு வருவாள். முந்தானையில் வரிசையாக முடிச்சு. ஒவ்வொரு முடிச்சிலும் ஒருத்தியின் காசு. "செல்விக்குப் பன்னு ரெண்டு. ராணிக்கு வெத்தலை, சுண்ணாம்பு. அஞ்சலைக்கு எண்ணெய் பாக்கெட்டு ஒண்ணு, பேட்டரி கட்டை ரெண்டு. லட்சுமிக்கு ஒண்ணும் வாணாம், அவ புருசனோட சண்டை, காசு இல்ல, அவளுக்கு என் கணக்குல ஒரு பன்னு." ஒரு தாளும் கிடையாது. ஆரோக்கியசாமி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பில் போடுவான். ஒரு சீசன் முழுக்க அவள் ஒரு வெற்றிலை மாற்றிக் கொடுத்து நான் பார்க்கவில்லை. எனக்கு அது மரியாதையாகவே இருந்தது. எண்ணத் தெரிந்தவளாக ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

2006 மார்ச் கடைசியில் முதலாளி வந்தார். சென்னையில் அவர் பார்த்து வந்த அந்தக் கடையே இரவு மூட ஆரம்பித்துவிட்டதாம். இரவில் நான்கு ஆள் சம்பளம், ஏசி, ஜெனரேட்டர்.

"காசு கணக்கு எனக்குத் தெரியும் சார். அதை நீங்க சொல்ல வேணாம். ராத்திரியில நஷ்டம்தான். ஆனா ராத்திரி வர்றவன் பகல்லயும் நம்ம கடைக்குத்தான் வருவான். அதனால ஆளை எண்ணுங்க. ஒரு ராத்திரிக்கு ஐம்பது பேர் வந்தாப் போதும், நான் மூட மாட்டேன். ஐம்பதுக்குக் கீழே இருந்தா மூடிடறேன்."

நியாயமான பேச்சு. அவர் கேட்டது ஒரே ஒரு எண். அந்த எண்ணை எடுக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் விழுப்புரம் ஜில்லாவில் கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். கதவைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தவர் ஒருவர். வெளியே போய்ப் பணம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் மறுபடி எண்ணக்கூடாது. இடுப்புக் குழந்தை சேர்த்தி இல்லை. ஊழியர் சேர்த்தி இல்லை. காருக்குள் உட்கார்ந்து டிரைவரை அனுப்புகிறவர் சேர்த்தி இல்லை, டிரைவர்தான் கணக்கு. ஒரு நாய் ஆறு இரவு உள்ளே வந்தது. அதையும் எண்ணவில்லை.

இரண்டாம் இரவோ மூன்றாம் இரவோ, குப்பம்மா பில் போட்டுக்கொண்டு போன பிறகு ஆரோக்கியசாமி கவுன்டரிலிருந்து கேட்டான்.

"சார், குப்பம்மாவுக்கு எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணு."

"வெளிய நிக்கிறதுங்க?"

எனக்கு எரிச்சல். முட்டி வலி வேறு. "வெளியே ரோட்டுல பஸ்ஸும்தான் போகுது. அதுல ஐம்பது பேர் இருக்கான். அவனையும் எண்ணட்டுமா?"

அவன் பில் மெஷினில் தாள் மாற்றினான். இரவு மூடினால் வேலை போகிற நான்கு பேரில் அவன் ஒருவன். அவனுக்கு அப்போது இரண்டு வயதில் பெண் குழந்தை. தன் வேலைக்காகக் கணக்கை ஊதப் பார்க்கிறான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பத்தாம் இரவு குப்பம்மாவே என் நாற்காலி அருகில் நின்றாள்.

"இன்னா சாரு, சாவு வூட்டுல மொய் எழுதற மாரி தினம் ஒக்காந்துனு இருக்கிற?"

"வர்ற ஆளுங்களை எண்ணறேம்மா."

"கடையை ராத்திரியில சாத்தப் போறாங்கன்னு டிராக்டர்காரன் சொன்னான். அதுக்கா?"

"எண்ணிக்கையைப் பொறுத்து."

"என்னை எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்."

"அப்ப சரி" என்றாள். "நாங்க வந்தது கணக்குல ஏறிடுச்சு. நல்லா எழுது சாரு." வெளியே போய், படியில் நின்று, பன்னும் வெற்றிலையுமாகப் பிரித்துக் கொடுத்தாள். கண்ணாடி வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. படியில் ஐந்தாறு பேர், விளக்குக்குக் கீழே மிச்சம் பேர். ஒருத்தி காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஒருத்தி இன்னொருத்திக்குப் பேன் பார்த்தாள். நான் மூன்று மணிக் கட்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பது இரவுக்கு அறுநூற்றுத் தொண்ணூறு. சராசரி இருபத்து மூன்று. மீதியே இல்லாமல் வகுபட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

மே மாதம் இரண்டாம் தேதி காலை முதலாளி கேட்டார்.

"எத்தனை சார்?"

"இருபத்து மூணு."

ஐஸ்கிரீம் பெட்டியைப் பார்த்தார். சாவியை அமுக்கினார்.

"எத்தனை சார்?"

"இருபத்து மூணு."

நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மாதம் முழுக்க ஆட்களுக்கு நோட்டீஸ். ஜெனரேட்டர் வாடகைக்காரரிடம் திரும்பிப் போனது. 'இருபத்துநாலு மணி நேரமும்' என்ற வரியைப் போர்டில் வெள்ளை பெயின்ட் அடித்து மறைத்தார்கள். ஜூன் முதல் தேதி, வியாழக்கிழமை, இரவு பதினொன்றுக்கு ஷட்டர் இறங்கியது. பதினொன்று ஐந்துக்கு மஞ்சள் விளக்கை அணைத்தது நான்தான். அணைத்தால் மிச்சம் என்று நான் எழுதிக் கொடுத்த பட்டியலில் அது ஏழாவது.

டிராக்டர் நிற்கிற இடம் மாறவில்லை. ஐந்து கூட்டமும் வந்து சேர வசதியான முனை அதுதான். விளக்கில்லாத கடை முன்னால் ரோட்டோரம் நின்றார்கள். நான் பகல் ஷிஃப்டுக்கு மாறிவிட்டேன். எனக்கு அது தெரியாது என்று எழுதலாம். ஆனால் தெரியும். டிராக்டர்காரர் ஒரு நாள் சோடா குடிக்கும்போது, "இருட்டுல ஒண்ணும் தெரியல சார், ஆளை ஏத்தறதே கஷ்டமா இருக்குது" என்றார். "டார்ச் வாங்கிக்குங்க, முப்பத்தஞ்சு ரூபாதான்" என்று ராக்கைக் காட்டினேன்.

ஜூன் இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு ஷட்டர் திறக்கப் போனபோது இரண்டாவது படியில் ஒரு எவர்சில்வர் தூக்கு, ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி வைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பக்க டீக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், மீன் ஏற்றிய வேன் ஒன்று எதிர் வண்டிக்கு ஒதுங்கும்போது ஓரத்தில் நின்றவர்கள் மேல் வந்துவிட்டது. மற்றவர்கள் தாவிவிட்டார்கள். ஒருத்தியைப் பின்னால் தள்ளிவிட்டு குப்பம்மா மாட்டிக்கொண்டாள். வலது கால், முழங்காலுக்குக் கீழே. "டிரைவர் அழுவறான் சார். கடை இருக்கற இடம்னு தெரியும், ஆளு நிக்கிறது தெரியலன்னு சொல்றான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சட்டைப் பையில் ஐநூறு ரூபாய். பார்வை நேரம் நாலு முதல் ஆறு வரை. வார்டு வாசலில் காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், ஒரு ஆள். குப்பம்மாவின் பாஸ் உள்ளே போயிருந்தது. வரும்வரை காத்திருக்கச் சொன்னார்.

வராந்தாப் படியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்குப் போகிற பழைய புடவை இல்லாமல் நல்ல புடவையில் இருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. பழக்கம் காரணமாக எண்ணினேன். பன்னிரண்டு. வார்டுக் கதவு திறந்து செல்வி வெளியே வந்தாள். பதின்மூன்று.

"எல்லாருமே வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாரும்தான் சார். பாஸ் ஒண்ணுதான் குடுக்கறாங்க" என்றாள் செல்வி. "அதுக்கின்னா? ஒருத்தி உள்ள போனா எல்லாரும் போயி பாத்த மாரிதான. வந்து சொல்லுவோமில்ல."

மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்று, சாப்பிட்டாளா, தூங்கினாளா, டாக்டர் இன்னா சொன்னாரு என்று கேட்டார்கள். அவள் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னாள். காவலாளியின் நோட்டைப் பார்த்தேன். குப்பம்மா பெயருக்கு நேரே, பார்வையாளர் ஒன்று.

பாஸை வாங்கிக்கொண்டு நான் உள்ளே போகவில்லை. படியில் உட்கார்ந்தேன். ஒரு கூட்டம் பதினான்கு. இன்னொன்று பதினொன்று. பதினாறு, ஒன்பது, பன்னிரண்டு. எனக்கு இந்த எண்கள் எல்லாம் முன்பே தெரியும். கண்ணாடி வழியாக முப்பது இரவு பார்த்தவை. அறுபத்திரண்டு. லாரிக்காரர், கார்க்காரர், மற்றவர் பதினெட்டு. எண்பது பேர். கதவைத் தாண்டாதவரை எண்ணாதே என்று விதி போட்டவன் நான். அதற்கு ஒரு வருடம் முன்னால் அவர்களைக் கதவைத் தாண்டாதே என்று நிறுத்தியவனும் நான். தரையில் இருந்த தடத்தை எண்ணியவன் காலை எண்ணவில்லை.

"போங்க சார், ஆறு மணியாகப் போவுது" என்றாள் செல்வி.

குப்பம்மா கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிப் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வா கணக்கு சாரு. எண்ணிக்கோ. ஒண்ணு நல்லா இருக்குது, ஒண்ணு கட்டுல இருக்குது. மொத்தம் ரெண்டு" என்றாள்.

அவளே கேட்டாள்.

"அன்னிக்கு எண்ணிட்டேன்னியே. எத்தினி எழுதின?"

"ஒண்ணு."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"நான் உள்ள வந்தா பதினாலும் வந்த மாரின்னு நெனச்சினு இருந்தேன்" என்றாள். "நீதான சாரு ஒருத்தி வான்னு சொன்ன."

"நான்தான்."

"போவட்டும். தெரிஞ்சா செஞ்ச?"

அதற்கு நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. பையிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்தேன்.

"காலுக்கு ஐநூறா? அப்ப ரெண்டும் போயிருந்தா ஆயிரம் குடுப்ப" என்றாள். சிரித்தாள், ஆனால் கையை நீட்டவில்லை. "உள்ள வை சாரு. வேன்காரன் செலவு பாக்கறான். நான் இனிமே பாத்தியில நிக்கப் போறதில்ல, அது எனக்குத் தெரியும். இவளுங்க நிக்கணும். நாளைக்கும் அங்கதான் வண்டி ஏறணும். நீ அந்த லைட்டை மட்டும் போடச் சொல்லு."

மறுநாள் திங்கட்கிழமை திண்டிவனம் போய் முதலாளி வீட்டில் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். முதல் தடவையாக என் பதிலை நானே மாற்றினேன்.

"அப்ப எத்தனை சார்?"

"எண்பது."

ஜன்னலைப் பார்த்தார். சாவி கையில் இல்லை. விரல்கள் மட்டும் மடங்கின.

"எத்தனை சார்?"

"எண்பது."

"அன்னிக்கே இதைச் சொல்லியிருந்தா நான் மூடியிருக்கவே மாட்டேனே" என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "ஆரோக்கியசாமி பாண்டிக்குப் போயிட்டான். மத்த மூணு பேரும் எங்கன்னே தெரியாது. ஜெனரேட்டர் போயிடுச்சு. இனிமே முடியாது சார்."

"விளக்காவது போடலாம் முதலாளி. வெளிவிளக்கு மட்டும். அதுக்கு ஆகற கரண்ட்டை என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

"எதுக்கு நீங்க? நான் கட்டறேன்."

"இல்லை. என் தப்பு. என் கணக்குல போகட்டும்."

அவர் வாதாடவில்லை. இரவு பதினொன்றிலிருந்து ஐந்து வரை எரிய எவ்வளவு ஆகும் என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு, இரவுக்கு ஒன்பது ரூபாய் என்று பேசிக்கொண்டோம்.

ஜூலை முதல் தேதியிலிருந்து விளக்கு எரிந்தது. முதல் வாரத்தில் இரண்டு நாள் மூன்று மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தேன். நின்றார்கள். செல்வி இப்போது தலைவி. "சார் வந்துட்டாருடி, வரிசையா நில்லுங்க, எண்ணுவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் எண்ணாமல் திரும்பி வந்தேன். அக்டோபர் நடுவில் மழை பிடித்து அளம் தண்ணீருக்குள் போனது. அதன் பிறகு அந்த முனையில் யாரும் நிற்கவில்லை. விளக்கை அணைக்கலாமா என்று முதலாளி கேட்டனுப்பினார். வேண்டாம் என்றேன். ஈர ரோட்டில் அந்த மஞ்சள் வெளிச்சம் ஒருவருக்கும் பயனில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

குப்பம்மாவின் கால் கூடியது, ஆனால் மடங்காது. மகள் வீட்டுக்கு வானூர்ப் பக்கம் போய்விட்டாள். அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று கடை வேலையில் என் கடைசி நாள். தை பிறந்து அளத்தில் வேலை தொடங்குவதற்குள் அந்த முனையில் பஞ்சாயத்து ஒரு கம்பம் நட்டு விளக்குப் போட இருந்தது. கம்பம் வந்து படுத்துக் கிடந்ததை நானே பார்த்தேன். முதலாளி சம்பளக் கவரோடு வந்து, பிடித்தத்தைச் சரிபார்க்கச் சொன்னார். ஜூலை முப்பத்தொன்று, ஆகஸ்ட் முப்பத்தொன்று, செப்டம்பர் முப்பது, அக்டோபர் முப்பத்தொன்று, நவம்பர் முப்பது, டிசம்பர் முப்பத்தொன்று. நூற்று எண்பத்து நான்கு இரவு.

"சரியா இருக்கா சார்?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு."

அவர் இன்னொரு தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

ஆரோக்கியசாமி, உன் கடையில் எண்ணும்போது கதவுக்கு வெளியே நாற்காலியைப் போடச் சொல். எனக்கு ஆன செலவு மொத்தம் ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறு ரூபாய்.